காலி வீட்டின் கதவைத் தட்டிய வக்கீலம்மா

வார்டில் மதிய ஊசிகளைப் போட்டு முடித்துக் கைகழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் நடேசன் சாரிடமிருந்து செய்தி வந்தது. ‘நம்ம வக்கீலம்மா கோமளவல்லி காலமாயிட்டாங்க. ஓரிக்கையில அவங்க வீட்லதான் வெச்சிருக்காங்க.’ யார் பிறந்தாலும் இறந்தாலும் கைகூப்பும் பொம்மைகளைக் கொட்டுகிற குழு அது. அன்று ஒருவரும் போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, என் வீட்டுக்கு நேர் கீழே குடியிருக்கும் கீதா ஒரு வரி எழுதினாள். ‘மேல் வீட்ல இன்னிக்கு நடக்கிற சத்தமே இல்ல, கவனிச்சீங்களா?’

மேல் வீடு என்றால் என் வீடு. நானும் கணவரும் வேலைக்கு வந்துவிட்டதால் பூட்டிக் கிடந்தது.

கோமளவல்லி அம்மாவை நீதிமன்ற வளாகத்தில் அறிந்தவர்களுக்கு அவர் சொத்து விவகாரங்களில் கறாரான வக்கீல். இடது காலைச் சற்று இழுத்து நடப்பார். செருப்பு தேயும் சத்தத்தை வைத்தே அவர் வருவதைச் சொல்லிவிடலாம். எங்கள் கட்டடத்தில் இருக்கும் நாங்கள் அவரை வேறு மாதிரியும் அறிவோம். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் நர்ஸ். சாவுக்குப் பக்கத்தில் நின்றே சம்பளம் வாங்குகிறவள். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எங்கள் குடும்பம் ஏனாத்தூர்ப் பக்கம். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். போகச் சொன்னால் போக வேண்டியதுதான். ஏன் என்று கேட்க எங்களிடம் ஒரு காகிதம் இருந்ததில்லை. அதனால் ஓர் அம்மன் கோயிலுக்குப் பின்தெருவில், மூன்றாம் மாடி வீடு விலைக்கு வருகிறது என்றதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. விற்கிறவர் வெளிநாட்டில் இருந்தார். தரகர் சாவியையும் பத்திர நகல்களையும் கொடுத்தார். நகல்களை வக்கீலம்மாவிடம் கொண்டுபோனேன். படித்து முடித்தவர் வாங்கலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

“வீட்டப் பாக்கணும் சிஸ்டர். உச்சி வேளையில போவோம்” என்றார்.

வெயில் நேர் மேலே நின்ற நேரத்தில் படியேறினோம். நான் சாவியை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, பூட்டிய கதவை விரலால் தட்டினார்.

“காலி வீடும்மா. பூட்டி வருஷக்கணக்காச்சு.”

“காலின்னு யாரு சொன்னா?”

தட்டிவிட்டு, புடவைக் கொசுவத்தை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பக்கவாட்டில் நின்றார். உள்ளேயிருந்து யாரோ வெளியே வருவார்கள், வழிவிட வேண்டும் என்பதுபோல் நின்றார். பிறகுதான் திறக்கச் சொன்னார். வெளியே அவ்வளவு வெயில், உள்ளே சில்லென்று இருந்தது. தரையெங்கும் தூசி படிந்திருந்தது. ஜன்னலிலிருந்து வாசல்வரை மட்டும் ஒற்றையடிப் பாதை மாதிரி தூசியே இல்லை. வக்கீலம்மா அதைப் பார்த்தார். அதை மிதிக்காமல் சுற்றிப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தார்.

கதவு திறந்த சத்தம் கேட்டுக் கீதா மேலே வந்தாள். அன்றுதான் அவளை முதலில் பார்த்தேன். “மத்தியானம் மத்தியானம் மேல யாரோ நடந்துக்கினே இருக்காங்கக்கா. பெரியவங்க நடை இல்ல. சின்னப் புள்ள நடை. பாத்து வாங்குங்க” என்று சொல்லிவிட்டு, உள்ளே கால் வைக்காமலே இறங்கிப் போனாள்.

எனக்குக் கோபம் வந்தது. விலையைக் குறைக்கவோ ஏற்றவோ இப்படி ஒரு நாடகம் ஆடுகிறார்கள் என்று நினைத்தேன். “பேய் இருக்கிற வீட்ட வாங்கலாமான்னு சட்டத்துல எங்கயாவது போட்டிருக்குதாம்மா?” என்று கிண்டலாகக் கேட்டேன்.

“பேயப் பத்தி ஒண்ணும் போடல. ஓனரப் பத்திப் போட்டிருக்குது” என்றார். அவர் சிரிக்கவில்லை. “இந்தக் கட்டடம் நிக்கிற மண்ணு அம்மன் கோயிலுது. சட்டத்துல சாமியும் ஒரு ஆளு. சொத்து வெச்சுக்கலாம், கேஸ் போடலாம். ஆனா என்னிக்குமே மைனரு. ஊருக்கெல்லாம் அம்மா, கோர்ட்டுக்கு மட்டும் சின்னப் பொண்ணு. வளரவும் மாட்டா, சாகவும் மாட்டா. அவ சொத்த வேற யாராவது பாத்துக்கணும். பாத்துக்கிறவங்க ஏமாத்தினா கோர்ட்டு கேக்கும்.” தூசியில்லாத அந்தப் பாதையைப் பார்த்தார். “அவ எடத்துல அவ நடக்கிறா. இதுல உனக்கு இன்னா கஷ்டம்?”

என்னையறியாமல் அந்தப் பாதையை விட்டுத் தள்ளி நின்றேன்.

பிறகு விவகாரத்தை உடைத்துச் சொன்னார். கட்டியவர் கோயிலிடமிருந்து மனையைக் குத்தகைக்குத்தான் எடுத்திருக்கிறார். ஆனால் வீடுகளை விற்கும்போது, மண்ணிலும் பிரிக்கப்படாத பாகம் உண்டு என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். தன்னிடம் இல்லாததை ஒருவர் விற்க முடியாது. சுவரும் கூரையும்தான் நமக்கு வரும். அடிமனை குத்தகைதான், காலம் முடிவதற்குள் அதைப் புதுப்பிக்க வேண்டும், கைமாற்றக் கோயில் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்.

“மறுபடியும் அடுத்தவங்க மண்ணாம்மா?”

“அடுத்தவங்க மண்ணுதான். பொய் சொல்ல மாட்டேன். ஆனா உங்க அப்பா நின்ன மாதிரி நீ நிக்க மாட்ட. கையில எழுத்தோட நிப்ப. உன்ன வெறும் வாயால எழுந்து போன்னு சொல்ல முடியாது” என்றார். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் நான் அந்த வீட்டை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் அதிலும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. கோயிலிலிருந்து அடிமனை வாடகை கேட்டு நோட்டீஸ் வந்தபோது, கட்டியவரின் பேச்சைக் கேட்டுக் குடியிருப்பவர்கள் எல்லோரும் ‘இது கோயில் இடமே இல்லை’ என்று பதில் அனுப்பியிருந்தார்கள். அதோடு விட்டார்களா? அம்மன் வீதிவுலா வரும்போது வாசலில் தேங்காய் பழத் தட்டோடு நிற்பது எங்கள் ஊர் வழக்கம். தட்டு எடுத்தால் அவளை மண்ணுக்குச் சொந்தக்காரி என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், அதைப் படம் பிடித்துக் கோர்ட்டில் காட்டுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து, அம்மன் தெருவுக்குள் திரும்பியதும் இந்தக் கட்டடத்தில் மட்டும் எல்லாக் கதவும் ஜன்னலும் படபடவென்று சாத்தப்பட்டன. நடேசன் சார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவரே உள்ளே உட்கார்ந்து, மேளம் கடந்து போகும்வரை விளக்கைக்கூடப் போடமாட்டாராம்.

வக்கீலம்மா எல்லோரையும் மொட்டைமாடிக்கு வரச்சொன்னார். “தட்டு எடுத்தா வாடகைக்காரன் ஆயிடுவோம்னு எவன்பா சொன்னது? நீங்க ஏற்கெனவே வாடகைக்காரங்கதான். வாடகைக்கு இருக்கிறவன் ஓனரப் பாத்து நீ ஓனரே இல்லன்னு எழுதிக் குடுத்தா, இருக்கிற குத்தகையும் போயிடும். தட்டு உங்கள ஒண்ணும் பண்ணல. அந்த பதிலுதான் பண்ணப்போவுது” என்றார்.

“இத்தினி வருஷம் அனுபவிச்சிருக்கிறோம். அனுபவ பாத்தியதை இல்லையா?” என்று நடேசன் சார் கேட்டார்.

“குழந்தை சொத்துல அனுபவ பாத்தியதை கேக்கறீங்களே சார். அதுவும் அந்தக் குழந்தை அங்கயே நடந்துக்கினு இருக்கும்போது.”

அந்த நேரம் பார்த்து எங்கள் காலுக்குக் கீழே, பூட்டிய மூன்றாம் மாடியில், ஏதோ உருண்டு நின்றது. நடேசன் சார்தான் முதலில் கையெழுத்துப் போட்டார். பழைய பதிலை வாபஸ் வாங்கி, கோயிலைச் சொந்தக்காரராக ஏற்று, புது வாடகைக்கும் குத்தகையைப் புதுப்பிக்கவும் விண்ணப்பித்தார்கள். அனுமதி வந்த பிறகுதான் என்னைக் கிரயம் செய்யவிட்டார் வக்கீலம்மா. பத்திரத்தில் மண்ணில் பாகம் என்ற வரி இல்லை. அது இல்லாத பத்திரத்தை நான் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அந்த வருடத் திருவிழாவுக்கு அவரும் வந்திருந்தார். எல்லாக் கதவும் திறந்திருந்தன. அம்மன் எங்கள் வாசலில் நின்று தீபாராதனை முடிந்து நகர்ந்தபோது, மேலிருந்து மாடிப்படியில் சின்னக் காலடிகள் தடதடவென இறங்கி வந்தன. நாங்கள் எல்லோரும் கீழேதான் நின்றோம். மேலே ஒருவரும் இல்லை. எல்லோரும் கேட்டோம், எதையும் பார்க்கவில்லை. வக்கீலம்மா மட்டும் கொசுவத்தை ஒதுக்கிக்கொண்டு ஓரமாக நகர்ந்தார். கையில் தட்டோடு நின்ற எனக்கு, கற்பூரச் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது தெரிந்தது.

“இனிமே வராதாம்மா?” என்று கேட்டேன்.

“ஏன் வராது? தன் எடத்துக்கு ஓனர் வராம இருப்பாங்களா?”

கடைசியாக அவரைப் பார்த்தது எங்கள் மருத்துவமனையில்தான். சிறுநீரகம் கைவிட்டிருந்தது. தேற்றுவதாக நினைத்து, “உடம்பும் ஒரு குத்தகைதானேம்மா” என்று சொல்லிவைத்தேன். முறைத்தார். “தத்துவம் பேசாத சிஸ்டர். உன் குத்தகை அடுத்து எப்ப முடியுதுன்னு ஞாபகம் இருக்குதா? முன்னாலயே விண்ணப்பம் குடு. நாளைக்கு வித்தா, வாங்கறவன்கிட்ட மண்ணு யாருதுன்னு முதல்ல சொல்லு. மறைச்சு வித்துடாத. உள்ள ஒருத்தி இருக்கிறா, கேட்டுக்கினு இருப்பா.”

ஓரிக்கையில் அவருடைய இழுத்து நடக்கும் கால் மற்றக் காலோடு கட்டைவிரல் சேர்த்துக் கட்டப்பட்டிருந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஊரில் எத்தனையோ பேருக்கு வீடு நிலைக்கச் செய்தவர். எனக்கு அவர் விட்டுப்போனது ஒரு பழக்கம். என் வீடானாலும் தட்டிவிட்டு, ஒதுங்கி நின்று, பிறகு நுழைகிறேன். என் கணவர் கேலி செய்தபடியே அவரும் தட்டுகிறார். இத்தனை காலத்தில் வீட்டுக்குள் அந்தக் காலடியை நான் ஒருநாளும் கேட்டதில்லை. கீதாவுக்குத்தான் கேட்கும், எனக்குக் கேட்காது என்றே இருந்துவிட்டேன்.

மறுநாள் அடக்கம் முடிந்து உச்சி வேளையில் வீடு திரும்பினேன். படியேறி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தட்டினேன். உள்ளே ஜன்னல் பக்கமிருந்து சின்னக் காலடிகள் வாசலை நோக்கி ஓடிவந்தன. அவற்றின் பின்னால், அவசரமில்லாமல், ஒரு செருப்பு தரையில் தேய்ந்து இழுபட்டுக்கொண்டு வந்தது. நான் கொசுவத்தை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு வழிவிட்டு நின்றேன்.