அழிக்காத சிலேட்டு

தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகும் வழியில், வேலியில் படர்ந்திருந்த கோவைக்கொடியில் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கியதும், அந்தப் பச்சை வாசனையோடு ஒன்றாம் வகுப்பின் முதல் வாரம் முழுவதும் திரும்பி வந்துவிட்டது. கீற்றுக் கூரையில் காற்று சலசலக்க, மணல் நறநறக்கும் தரையில் வரிசையாக உட்கார்ந்து நாளுக்கு ஓர் எழுத்தாக நாங்கள் எழுதியதும், எழுதி முடித்தவர்கள் கோவை இலையால் சிலேட்டைத் தேய்த்து அழித்ததும், நான் மட்டும் அழிக்காமல் மடியில் வைத்துக் காத்ததும். அழித்தால் எழுத்து மறந்துபோகும் என்று எனக்கு அப்படியொரு பயம். வீட்டுக்கும் பையில் போடாமல் ஏந்திக்கொண்டேதான் போவேன்.

வெள்ளிக்கிழமை 'உ' வந்தது. சிலேட்டில் இடமே இல்லை.

"இத எங்கடி எழுதப் போற, நெத்தியிலயா?" என்றார் டீச்சர். வகுப்பே சிரித்தது. எனக்கு அழுகை முட்டியது.

பக்கத்தில் இருந்த செல்வி சிலேட்டைப் பிடுங்கி, இலையால் ஒரே தேய்ப்பாகத் தேய்த்துவிட்டாள். "இப்ப எழுதுடி, பாக்கலாம். வரலன்னா என்னுதப் பாத்துக்க."

விக்கிக்கொண்டே எழுதினேன். 'அ' முதல் 'உ' வரை அத்தனையும் வந்தது.

ஆறாவதோடு நான் படிப்பை விட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்தைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. இன்றும் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினால், பூட்டினேனா என்ற பயத்தில் திரும்பிப் போய்க் கதவை இழுத்துப் பார்க்கிறவள்தான் நான். ஆனால் அந்த வெறும் மணலில் போய் நின்றால், வாசல் இங்கே, கரும்பலகை இங்கே, செல்வி இங்கே என்று தயங்காமல் கால் வைத்துக் காட்டுவேன்.