தேவகுமாரியின் பனீர்த் தண்ணீர்

ஏற்காட்டில் ஒரு காட்டேஜில் சமையல்காரி தேவகுமாரி. எதைச் சொன்னாலும் பாதியைத்தான் காதில் வாங்குவார். ஊரறிந்த சங்கதி அது. பனீர் எடுத்தபின் மிஞ்சிய தண்ணீரைக் கொட்டப்போனவரை, அங்கே தங்கியிருந்த ஓர் அம்மாள் நிறுத்தினார். அதிலுள்ள பால் புரதத்தைச் சிறு துணுக்குகளாக உடைத்துக் கொடுத்தால் சிலருக்கு ரத்தக் கொதிப்பு கொஞ்சம் இறங்குகிறதாம். ஆனால் ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை, மாத்திரைக்கு அது ஈடாகாது என்றும் சொன்னார். பின்பாதி யாருக்கு வேண்டும்? அன்று சாயங்கால பஸ்ஸிலேயே ஒரு பாட்டில் தண்ணீர் தேவகுமாரியின் ஊரான வாழவந்திக்குப் போய்ச் சேர்ந்தது.

அங்கே அவர் புருஷன் பாக்கியநாதனுக்கு இரண்டு கண்ணிலும் புரை. காப்பிப் பழம் பறிக்கிற மனுஷனுக்குச் சிவப்பு எது, பச்சை எது என்று தெரியாமல் போனால் எஸ்டேட்டில் எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? சேலத்துக் கண் ஆஸ்பத்திரியிலோ, கொதிப்பு இறங்கினால்தான் ஆபரேஷன் என்று ஒருமுறை திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் புளித்த தண்ணீரை மனுஷன் தினமும் முகம் சுளிக்காமல் குடித்தார். தேவகுமாரிக்குப் பெருமை தாங்கவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

மறுபடி சேலம் போனார்கள். கொதிப்பு முன்னைவிட ஏறிக் கிடந்தது. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா என்று நர்ஸ் கேட்க, பாக்கியநாதன் தலையைக் குனிந்துகொண்டார். தண்ணீர் வந்த நாளிலிருந்தே மாத்திரையைத் தொடவில்லையாம்.

"ஏனுங்க, கண்ணு போனாப் போகுதுன்னு உட்டுட்டீங்களா?" என்றார் தேவகுமாரி.

"அதையும் போட்டா, மாத்திரையாலதான் கொறஞ்சுதுன்னு சொல்லிப்போடுவாங்க புள்ள. நொம்பப் பாடுபட்டுக் கொண்டாறே. உனக்குப் பேரு கெடைக்கோணுமல்ல."

இப்படியும் ஒரு கிறுக்கு மனுஷன் உண்டா! திட்ட வந்த தேவகுமாரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பிறகு மாத்திரையை அவரே கையில் கொடுத்து, விழுங்கும்வரை எதிரிலேயே நின்றார். பஸ்ஸில் இப்போது அந்த அம்மாள் சொன்ன பின்பாதியைத்தான் முதலில் சொல்கிறார். கொதிப்பு இறங்கி, ஒரு கண்ணில் ஆபரேஷனும் நல்லபடியாக நடந்தது.

ஊர் திரும்பி, தேவகுமாரி மறுபடி வேலைக்குப் போன அன்று சாயங்காலம் வழக்கம்போல் பாட்டிலை நீட்டினார். பாக்கியநாதன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மஞ்சளும் பச்சையுமாய்க் கலங்கலாக இருந்தது.

"ஏம்புள்ள, இத்தன நாளும் இந்த நெறத்துலதான் இருந்துச்சா?"

கேட்டுவிட்டு, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.