பிரபுவைப் பார்க்க வந்தவள்

ரொறன்ரோவில், பெரிய மரங்களுக்குள் ஒளிந்திருந்த ஒரு பழைய செங்கல் வீட்டில் இரண்டு வருடம் வேலை செய்தேன். தொண்ணூறு வயது தாண்டிய ஓர் ஆங்கிலேயரைப் பகலில் பராமரிப்பது என் பொறுப்பு. அவர் ஒரு பிரபு. தகப்பன் இறந்தபோது இருபத்திரண்டு வயதிலேயே பட்டமும் லண்டன் நாடாளுமன்றத்தின் மேல்சபையில் ஓர் ஆசனமும் அவருக்கு வந்துவிட்டன. ஒருவரிடமும் போய் வாக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை. பிறகு துணை அமைச்சரானார். குடிவரவுக் கோப்புகள் அவருடைய மேசைக்குத்தான் போகும். கட்சிச் சண்டையில் பதவி போனது. மனைவி இறந்தார். பரம்பரை மாளிகை கைமாறியது. கடைசியில் மகளிடம் வந்து சேர்ந்தார். இதெல்லாம் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பின்னேரம் மூன்று மணிக்கு அவருக்குக் கழுத்துப்பட்டி கட்டிவிட வேண்டும். வரவேற்பறையில் நிமிர்ந்து உட்கார்ந்து, "அடுத்தவரை வரச் சொல்" என்பார். யாரும் வரமாட்டார்கள். ஆனால் அவருடைய கண்கள் வாசலிலிருந்து கம்பளம் வரைக்கும் மெதுவாக நகரும். சிலவேளை, யாருக்கோ வழி விடுவதுபோலக் காலை உள்ளே இழுத்துக்கொள்வார். மறதி வியாதி என்று நானும் பேசாமல் இருந்தேன்.

பனி கொட்டிய ஒருநாள், என் தோளுக்குப் பின்னால் பார்த்தபடி சொன்னார்: "அவளை உட்காரச் சொல். நெடுநேரமாக நிற்கிறாள்."

"இங்கே ஒருவரும் இல்லை, சேர்."

"உனக்குப் பின்னால்தான். உன் நாட்டுப் பெண். தொப்பலாக நனைந்திருக்கிறாள்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மகள் வேலையால் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். கோட்டைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றார்.

"அப்பா அதை ஒரேயொரு தடவைதான் என்னிடம் சொன்னார்" என்றார். துணை அமைச்சராக இருந்தபோது ஒரு தமிழ்ப்பெண் அவருடைய அலுவலகப் படிகளில், மழைக்குள், மூன்று நாட்கள் கடிதத்தோடு நின்றாளாம். மூன்றாம் நாள் அதை வாங்கிக்கொண்டு, மொழிபெயர்ப்பித்து வாசிப்பதாகச் சொன்னாராம். வாசிக்கவில்லை. அவளை நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் உத்தரவில் கையெழுத்திட்டாராம். அவளுக்கு என்ன நடந்தது என்று பிறகு அவர் விசாரிக்கவும் இல்லை.

மறுநாள் மூன்று மணிக்கு நானே ஒரு நாற்காலியை அவருக்கு எதிரே போட்டேன். அவர் முன்னால் சாய்ந்தார்.

"என்ன எழுதியிருந்தாள் என்று உங்கள் பாஷையில் கேள்."

வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். "அக்கா, என்ன எழுதினனீங்கள்?"

வீட்டைச் சூடாக்கும் இயந்திரத்தின் உறுமல் மட்டும்தான் கேட்டது. அவர் பக்கம் திரும்பி, அவள் ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். வேறு வார்த்தைகள் வந்தன. தன் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்ததாக எழுதியிருக்கிறாள், விளக்கை அணைத்தால் அந்தப் பிள்ளை தூங்காது என்று எழுதியிருக்கிறாள் என்றேன். நான் அவற்றை யோசித்துச் சொல்லவில்லை. அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார், எனக்கல்ல, நாற்காலிக்கு. அதுவும் நான் ஒவ்வொன்றையும் சொல்வதற்குச் சற்று முன்னாலேயே.

பிறகு கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். "மீதியை நீ சொல்ல வேண்டாம். எனக்கு விளங்கிவிட்டது."

அன்றைக்குப் பிறகு அவர் கழுத்துப்பட்டி கேட்கவே இல்லை. யாரோடும் பேசவும் இல்லை. பனி உருகத் தொடங்கியபோது இறந்துபோனார்.

வீட்டில் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உமக்கு வேலைக் களைப்பு, வேற ஒண்டுமில்லை. கொஞ்ச நாளைக்கு வீட்டில நில்லும்" என்றார்.

"ஓம்" என்றேன்.

மரணச்சடங்கு முடிந்து சில கிழமைகளில் பிரபுவின் மகள் தொலைபேசியில் அழைத்தார். நிலவறையில் லண்டனிலிருந்து வந்த பெட்டிகளை ஒழுங்குபடுத்துகிறாராம். ஒன்றில் தமிழில் எழுதிய கடிதம் இருக்கிறதாம். தண்ணீர் பட்டு மை கலங்கியிருந்தாலும் வாசிக்கலாம்போல இருக்கிறதாம். வந்து வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்டார்.

என்னால் வர முடியாது என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.