அயிரை காத்திருந்த தலைதீபாவளி

அப்பா குழம்புச் சட்டியை மூடுவதற்கென்றே ஒரு எவர்சில்வர் தட்டு வைத்திருந்தார். விளிம்பு நசுங்கிய தட்டு. மண்சட்டியின் மேல் அது சரியாக உட்காராது. அப்பாவும் அதை உட்காரவிட்டதில்லை. எடுத்துப் பார்ப்பார், மூடுவார், வாசல்வரை போய்வந்து மறுபடி எடுப்பார். "திறந்து திறந்து பாத்தா எப்புடிங்க கொதிக்கும்?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்பாள். அந்தத் தட்டு இப்போது என் அடுப்படியில் இருக்கிறது. அதன் சத்தம் கேட்டால் எனக்கு இன்றும் இருப்புக்கொள்ளாது.

மில்லில் வேலை பார்த்த அப்பாவுக்குச் சமையல் என்றால் பித்து. அதிலும் அந்தந்தப் பருவத்தில் வருவதைத்தான் ஆக்குவார். தை பிறந்தால் பச்சை மொச்சையும் கருவாடும். சித்திரையில் மாங்காய் விழாத குழம்பே கிடையாது. மழை பெய்து கண்மாயில் தண்ணீர் ஏறிவிட்டாலோ மனிதர் வீட்டில் நிலைகொள்ள மாட்டார்; சைக்கிளை எடுத்துக்கொண்டு கீழக்குயில்குடிப் பக்கம் அயிரை வாங்கப் போய்விடுவார். உயிரோடு கொண்டுவந்த மீனைப் பாலில் விடுவார். பாலைக் குடித்து வயிற்றிலுள்ள மண்ணைக் கக்கிவிடுமாம். எங்கள் காப்பிப் பால் அப்படித்தான் போகும். பிறகு கொதிக்கிற குழம்பில் துள்ளத் துள்ளக் கொட்டி, தட்டால் அமுக்கி மூட வேண்டும்.

அக்காவுக்குக் கல்யாணமான வருடம், ஆடிக்கு அவளை வீட்டுக்கு அழைத்துவந்தோம். ஆடி முடிந்து கூட்டிப்போக வேண்டிய மாப்பிள்ளை வரவில்லை. ஆவணி போனது, புரட்டாசியும் போனது. என்ன மனத்தாங்கல் என்று மாப்பிள்ளை வீட்டாரும் சொல்லவில்லை, அக்காவும் வாய் திறக்கவில்லை. அவர்கள் உறவுக்காரர் ஒருவரைக் காளவாசல் பஸ் ஸ்டாப்பில் பிடித்துச் சொல்லியனுப்பி, தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை வருவார் என்ற பதிலை அப்பா வாங்கிவிட்டார். முன்பு விருந்துக்கு வந்தபோது அயிரைக் குழம்பைக் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டவராம். அந்தக் குழம்பு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று அப்பா உண்மையிலேயே நம்பினார்.

தீபாவளியன்று தெருவெல்லாம் கறிக்குழம்பு மணத்தது. எங்கள் வீட்டில் வெறும் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, மீன் பாலில் நீந்திக்கொண்டிருந்தது. அயிரையை வெந்த சூட்டோடு தின்ன வேண்டும், மாப்பிள்ளை தலை தெரிந்ததும் போடலாம் என்றார் அப்பா. குழம்பு வற்றியது, வெந்நீர் ஊற்றினார். மறுபடி வற்றியது, மறுபடி ஊற்றினார். தட்டை எடுப்பார், திருப்பரங்குன்றம் பஸ் சத்தம் கேட்டால் வேட்டியைச் சரிசெய்துகொண்டு தெருவுக்கு ஓடுவார். எனக்குப் பசியும் எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தன. புதுப்புடவையில் சுவரோரம் உட்கார்ந்திருந்த அக்கா தெருவைப் பார்க்கவேயில்லை, அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் சாய்ந்ததும் அவள் எழுந்து அடுப்படிக்கு வந்தாள். "மீனைப் போடுங்கப்பா. எனக்குப் பசிக்குது."

"இன்னுங் கொஞ்ச நேரம் பாப்போம்த்தா."

"அவரு வர மாட்டாரு. வந்தாலும் நான் போகலப்பா."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பா ஒருமுறை வாசலைப் பார்த்தார். பிறகு மீனை அள்ளிக் குழம்பில் போட்டு, தட்டை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டார். மீன்கள் தட்டில் மோதும் சத்தம் அடங்கும்வரை கையை எடுக்கவில்லை. மாப்பிள்ளைக்கென்று போட்டிருந்த இலையில் அக்காவை உட்காரவைத்துப் பரிமாறினார். அவள் ஒரு வாய் தின்றுவிட்டு, புளிப்பு கூடிப்போச்சுப்பா என்றாள். "வத்திப்போச்சுல்லத்தா" என்றார். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே அசையாமல் உட்கார்ந்திருந்தார். அப்பாவை அப்படி நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அக்கா போகவில்லை. படித்து டீச்சரானாள். அப்பா இப்போது இல்லை. மழைக்காலம் வந்தால் அக்கா என் வீட்டுக்கு வந்துவிடுவாள். போன வாரமும் வந்திருந்தாள். மீன் பாலில் கிடந்தது. நான் தட்டை எடுத்துப் பார்த்தேன், மூடினேன், வாசல் கேட் வரை போய்வந்து மறுபடி எடுத்தேன்.

"யாருடீ வரணும்? நாமதான் இருக்கோம்ல, மீனைப் போடு" என்றாள் அக்கா.

போட்டேன். தட்டை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டேன்.