பதினோரு குழு பார்த்துக்கொண்ட வீடு

வெள்ளக் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுக்கும் அந்த அம்மாளுக்கு 'குறுக்கு விசாரணை' என்று பட்டப்பெயர். கேஸை அணைத்துவிட்டேன் என்று கணவர் சொன்னாலும் எழுந்துபோய்த் திருகிப் பார்க்கிற சுபாவம். உலகத்தில் அவர் நம்பியது தன் கண்ணை மட்டும்தான். அதற்கும் கண்ணாடி போட்டிருந்தார்.

ஏரி உடைந்த அன்றைக்கே ஊர்க்காரர்கள் குழு குழுவாகக் கிளம்பிவிட்டார்கள், படகு, டியூப், லாரி என்று கையில் கிடைத்ததோடு. நல்ல மனசுக்காரர்கள்தான், ஆனால் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிற பழக்கம் கிடையாது. வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவர்கள் என்று அவர்கள் அனுப்பும் விலாசங்களைப் பட்டியலில் ஏற்றுவது அந்த அம்மாளின் வேலை.

மூன்றாம் நாள் பார்த்தால் ஒரே வீடு பதினோரு தடவை வந்திருந்தது. மேம்பாலத்துக்குப் பின்னால், மாடியில் ஒரு தையற்காரி தனியாக, காலில் மாவுக்கட்டோடு. தண்ணீர் மாடிப்படி வரை ஏறியிருக்கிறது. அந்த வரிக்கு நேராக அதிகாரி 'முடிந்தது' என்று எழுதியிருந்தார். பதினோரு குழு பார்த்துக்கொள்கிறதே, நாம் எதற்கு என்றார். அம்மாளுக்கு உறுத்தியது. போய்ச் சேர்ந்தோம் என்று ஒருத்தராவது சொல்லியிருக்க வேண்டாமா?

ஒவ்வொரு குழுவாகக் கூப்பிட்டு, நீங்களே போனீர்களா என்று கேட்டார். இல்லையாம், அடுத்த குழுவிடம் சொல்லிவிட்டார்களாம். அடுத்த குழு ஆபீசில் சொல்லிவிட்டதாம். ஆபீஸ் என்றால் இவர்தான். தையற்காரியின் போனும் அணைந்து கிடந்தது.

அரசாங்கப் படகு எதுவும் பக்கத்தில் இல்லை. அவர் நம்பாத கூட்டத்திலிருந்தே, மேம்பாலத்தடியில் படகோடு நின்ற ஒரு நடுவயது மெக்கானிக்கை அனுப்ப வேண்டியதாயிற்று. வழியெல்லாம் அவரைப் போனை வைக்கவே விடவில்லை.

மெக்கானிக் மாடிக்கதவைத் தட்டினார். திறக்கவில்லை. படகில் திருடர்கள் வருவதாக ஊரெல்லாம் பேச்சு. மெக்கானிக் போனைச் சத்தமாக வைத்துக் கதவிடுக்கில் பிடித்தார்.

"ஆபீஸ்லேர்ந்து பேசறேம்மா. கதவைத் திறங்க."

"மூணு நாளா எல்லாரும் வர்றோம் வர்றோம்னுதான் சொன்னாங்க. உங்கள எப்படி நம்பறது?"

நியாயமான சந்தேகம். அம்மாளாக இருந்தாலும் திறந்திருக்க மாட்டார்.

"என்னை நம்பாதீங்கம்மா. உங்கள காப்பாத்தியாச்சுன்னு நாங்க எழுதியே முடிச்சிட்டோம். வெளிய நிக்கிறவர் ஒருத்தர்தான் நெசமாவே வந்திருக்கார்."

போனில் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.