புளியமரத்து முண்டுக்குள் ஓர் ஆணி

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். நான் மரம் கடைகிறவன். பெண்சாதி போனபின் பட்டறையில் உளிதான் எனக்குப் பேச்சுத்துணை.

விராலிமலைப் பக்கம் ஒரு புளியமரத்தில் பானை போல முண்டு புடைத்திருந்தது. முண்டுக்குள் ரேகை சுருள் சுருளாக ஓடும். கடைந்தால் கிண்ணம் அழகாக வரும். சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு அறுத்தேன். பாதியில் ரம்பத்தின் பல் உடைந்தது. உள்ளே துருப்பிடித்த ஆணி, அதில் சுற்றிய தலைமயிர். கோடாங்கி பேயோட்டி அடித்த ஆணியை மரம் மூடி வளர்ந்திருக்கிறது!

பக்கத்துக் கடலைக்கொல்லையில் களையெடுத்த அம்மாள் எழுந்து வந்தார்.

"இங்கிட்டு வராதீங்க ஆத்தா! பேயை அவுத்து விட்டுட்டேன், ஒங்களைப் புடிச்சுக்கிரும்" என்றேன், வழக்கமான கோமாளித்தனத்தில்.

அவர் சிரிக்கவில்லை. "அது என் முடிங்க."

ரம்பத்தைக் கீழே வைத்தேன்.

"எங்க வீட்டுக்காரவுக பினாங்கு போயி கடுதாசியே வரலை. பேச ஆளில்லாம அடுப்புக்கிட்ட, ஆட்டுக்கிட்டப் பேசிக்கிட்டு இருந்தேன். பேய்னு சொல்லி இங்க கூட்டியாந்து ஆணி அடிச்சுட்டாக."

"அப்புறம்?"

"பேச்சை விட்டுட்டேன். பேய் போயிருச்சுன்னு ஊருக்குச் சந்தோசம். அந்த ஆணியக் குடுங்க."

குறட்டால் பிடுங்கிக் கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டு போனார். கொல்லையில் குனிந்தவர், கடலைச் செடியிடம் மெதுவாக ஏதோ சொல்வது கேட்டது.

முண்டை நான் கடையவே இல்லை. பட்டறையில் வைத்துத் தினமும் அதோடு பேசுகிறேன். ஊரார் என்னைத் தமாஷ்காரன் என்கிறார்கள். ஆண்பிள்ளை என்பதால் ஆணிக்குத் தப்பினேன்.