அறிக்கையின் இரண்டாவது வரி

மலத்தில் இரத்தம் வந்ததை மூன்று மாதம் மூலம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் டிக்கெட் பரிசோதகன். தாம்பரம்–கடற்கரை மின்ரயிலில் நாள் முழுக்க நின்றபடி வேலை, நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது. மூலம் வராமல் என்ன வரும்? முடிச்சூர் ரோட்டில் ஒருவர் கொடுத்த லேகியத்தைத் தின்றேன். பேண்ட் இடுப்பில் நிற்காமல் போன பிறகுதான் என் மனைவி எஸ்தர் என்னை நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பெருங்குடலில் புற்றுக்கட்டி என்றார்கள். ஒரு சாண் குடலை வெட்டி எடுத்தார்கள்.

இதே வியாதியோடு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அறுவையைத் தாங்கிவிடலாம். அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் எண்ணைத் தாங்குவதுதான் பெரும்பாடு.

அந்தப் பரிசோதனையின் பெயர் சி.இ.ஏ. (குடல் புற்று போன்ற சில கட்டிகள் இரத்தத்தில் கசியவிடும் ஒரு புரதம்). கட்டியை எடுத்ததும் அது இறங்க வேண்டும். இறங்கியது மறுபடி ஏறினால், நோய் எங்கோ முளைக்கிறதோ என்று டாக்டர்கள் தேட ஆரம்பிப்பார்கள். எனக்கு அறுவைக்கு முன் பதினெட்டு, பின்பு இரண்டு. "ரெண்டரைக்குக் கீழ இருக்கிற வரைக்கும் நிம்மதியா தூங்குங்க சார்" என்றார் டாக்டர்.

ஒன்பதாம் மாதம் மூன்றரை வந்தது.

நான் லேசில் யாரையும் நம்புகிறவன் இல்லை. பத்தொன்பது வருடம் பொய் கேட்டே பிழைத்தவன். சீசன் டிக்கெட்டை வீட்டில் வைத்துவிட்டேன் என்கிறவன் எவனும் என் கண்ணைப் பார்க்க மாட்டான், ஜன்னலைத்தான் பார்ப்பான். ஆகவே முதல் சந்தேகம் லேப் மேல். அப்போதெல்லாம் இரத்தம் ஐஸ் பெட்டியில் பம்பாய்க்குப் போய் முடிவு வரப் பத்து நாள் ஆகும். வழியில் எவன் குழாய் எவன் குழாயோடு மாறியதோ? அடுத்த முறை குழாயில் ஒட்டிய காகிதத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். "சார், இது செக் இல்ல" என்று லேப் பெண் முறைத்தாள். கையெழுத்தோடு போன இரத்தம் நான்கு புள்ளி ஆறு என்று திரும்பி வந்தது.

பிறகு டாக்டர் மேல் சந்தேகம். கத்திக்கு வேலை தேடுகிறாரோ? பிறகு எஸ்தர் மேல். டாக்டரிடம் தனியே பேசிவிட்டு என்னிடம் பாதியை மறைக்கிறாளோ? அவள் குளிக்கப் போன நேரத்தில் கைப்பையைக் குடைந்தேன். ஜெபப் புத்தகமும் இரண்டு பஸ் டிக்கெட்டும் இருந்தன. வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் அடுத்த வாரமும் குடைந்தேன்.

ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. "எதுக்கும் திறந்து பாத்துடலாம்" என்றார் டாக்டர் (ஸ்கேனுக்குத் தப்பிய கட்டியைத் தேடி வயிற்றை மறுபடி திறப்பது). அடுத்த வியாழக்கிழமை என்று முடிவானது. பேனாவை மூடிக்கொண்டே, எஸ்தர் எதிரில் கேட்டார்: "ஸ்மோக்கிங் இல்லையே?"

"விட்டுட்டேன் சார்." சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துச் சொன்னேன்.

விட்டது உண்மைதான். ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே எஸ்தர் பைபிள் மேல் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். ஆறாம் மாதம் டூட்டிக்குத் திரும்பினேன். ஸ்டேஷனுக்கு வெளியே கன்னியப்பனின் பெட்டிக்கடையில் முதலில் ஒன்று, பிறகு ஐந்து, பிறகு நாளைக்கு ஒரு பாக்கெட். விற்கிற கன்னியப்பனே தலையில் அடித்துக்கொள்வார். "இன்னா சார் நீ, வயித்த கிழிச்சி தெச்சிக்கினு வந்து இத்த ஊதிக்கினுகீற?" சட்டை நாற்றத்துக்கு வீட்டில் சொல்லப் பதில் தயாராக இருந்தது: ரயிலில் எவனெவனோ ஊதுகிறான்.

அன்று திரும்பும்போது கூட்டம். எஸ்தர் பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டாள். நான் அறிக்கையைப் பிரித்தேன். டிக்கெட்டின் பின்பக்கப் பொடி எழுத்தைக்கூட விடாதவன், ஒரு வருடமாக எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்திருந்தேன். அடியில் இரண்டு வரிகள் இருந்தன. புகைபிடிக்காதவர்களுக்கு இரண்டரை வரை. புகைபிடிப்பவர்களுக்கு ஐந்து வரை.

பல்லாவரம் வருவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. என்னை முதல் வரியில் நிறுத்தியது டாக்டரும் இல்லை, லேப்பும் இல்லை. நான் சொன்ன பொய்.

உடனே சொன்னேனா? இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. சத்தியத்தை மீறினேன் என்று அவளிடம் சொல்வதைவிட வயிற்றைக் கொடுத்துவிடுவது சுலபமாகத் தோன்றியது. இதை எழுதும்போதும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. மூன்றாம் நாள் எஸ்தர் ஆஸ்பத்திரிக்குப் போர்வை, பிளாஸ்க், டம்ளர் என்று பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வைத்த டம்ளரையே வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தாள். சொல்லிவிட்டேன்.

"சிகரெட்டா?" என்றாள். "வெறும் சிகரெட்டா?" சிரித்தாள். பிளாஸ்கைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு டம்ளர் பறந்து வந்தது. புருஷன் திருட்டுத்தனமாகச் சிகரெட் பிடிக்கிறான் என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட பெண் தாம்பரத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

டாக்டர் சந்தோஷப்படவில்லை. "உங்க வயித்த நான் திறக்க இருந்தேன் சார். நீங்க பாட்டுக்கு காலண்டர் பாத்துக்கிட்டு இருந்தீங்க. சிகரெட்தான் காரணம்னு இப்பவும் நான் சொல்ல மாட்டேன். அடியோட விடுங்க. ரெண்டு மாசத்துல இறங்கலைன்னா திறந்துதான் ஆகணும்."

விட்டேன். இரண்டு புள்ளி மூன்றுக்கு இறங்கியது. வியாழக்கிழமைகள் வந்து போயின.

இரண்டு வருடம் கழித்து ஒருமுறை மூன்று புள்ளி ஒன்று வந்தது. ஒரு மாதத்தில் திரும்பப் பார்க்கலாம் என்றார் டாக்டர். வெளியே தாழ்வாரத்தில் எஸ்தர் என் கையைப் பிடித்தாள். "மறுபடி பிடிச்சீங்களா? சொல்லுங்க. திட்ட மாட்டேன்." முகத்தில் கோபம் இல்லை. ஆமாம் என்று சொல்லிவிட மாட்டேனா என்ற ஆசை இருந்தது.

நான் தொடவே இல்லை. பழி போட இந்த முறை என்னிடம் ஒன்றும் இல்லை. அவள் கண்ணைப் பார்த்தே சொன்னேன்: "ஒரு வாரமா."

"சனியனே" என்று தோளில் அடித்தாள். அந்த மாதம் முழுக்க நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். டாக்டரிடம் மட்டும் மறுநாளே தனியாகப் போய், சிகரெட்டைத் தொடவில்லை என்ற உண்மையைச் சொன்னேன். அங்கே இன்னொரு பொய்க்கு எனக்குத் தைரியம் இல்லை. டூட்டியில் நிற்கும்போதெல்லாம் கை தானாகத் தழும்புக்குப் போகும்.

மறு பரிசோதனையில் இரண்டு புள்ளி இரண்டு. காரணமில்லாமலும் அது கொஞ்சம் ஏறி இறங்கும் என்றார் டாக்டர். "பாத்தீங்களா, விட்டதும் இறங்கிடுச்சு" என்றாள் எஸ்தர்.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. மற்றவர்களுக்கு வருடம் என்றால் எனக்கு இரண்டு நாள்தான், நடுவில் இருப்பதெல்லாம் காத்திருப்பு. பையில் டிக்கெட் இருக்கிறது என்று சொல்லிவிட்டு எடுத்துக் காட்டாத பயணியைப் போல என் உடம்பைப் பார்க்கிறேன். இறக்கிவிடவும் முடியாது, நம்பவும் முடியாது.

இதை முதலில் படிக்கப் போகிறவள் அவள்தான். எஸ்தர், அன்றைக்கு நான் பிடிக்கவில்லை.